மலைக்காடும் மழலையின் கம்பளிச் சட்டையும்

மார்கழி அதிகாலையில் திருவண்ணாமலைக்குச் சென்றால், கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்கிய குழந்தைகளைக் காணலாம். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் மலைச்சுற்றுப் பாதையின் ஓரக் காட்டில் புள்ளிமான்களும் மயில்களும் உலவுகின்றன. விறகுக்காக வெட்டப்பட்டும் தீயில் கருகியும் மொட்டையாகிப் போன இம்மலையில், 1980களின் பிற்பகுதி முதல் தன்னார்வலர்கள் மரக்கன்றுகளை நட்டு வளர்த்தனர். கோடைத் தீ இன்றும் அவ்வுழைப்பை அச்சுறுத்துகிறது.

கைப்பின்னல் அறிந்தோர், மேனாட்டுப் புத்தகங்களின் கரடியையும் ஊசியிலை மரத்தையும் விடுத்து, இக்காட்டையே குழந்தையின் சட்டையில் பின்னலாமே! பொத்தான் பட்டிக்கு இருபுறமும் மரக்கொடி போன்ற முறுக்குப் பின்னல் அழகு தரும். மூன்று கண்ணிகளைத் துணை ஊசியில் முன்னே நிறுத்தி, அடுத்த மூன்றைப் பின்னிய பிறகே அவற்றைப் பின்ன வேண்டும். முறுக்கு அகலத்தைச் சுருக்கும். ஆதலால் கண்ணிகளைச் சற்றுக் கூட்டியே தொடங்குங்கள். மானுக்கு இரு நிற நூல்கள் தேவை. பயன்படாத நூலைப் பின்புறம் தளர்வாக, நான்கைந்து கண்ணிகளுக்கு ஒருமுறை பிணைத்துக் கொண்டு செல்லுங்கள். இறுக்கினால் மான் சுருங்கும். நீளத் தொங்கவிட்டால் பிஞ்சு விரல் சிக்கும்.

"இந்த மான் எங்கே இருக்கிறது?" என்று குழந்தை கேட்கும்போது, சுட்டிக்காட்ட மலையில் காடு இருக்க வேண்டுமல்லவா?