வண்டி மாறும் நினைவுகள்

ஒரு மொழியில் எழுதியதை இன்னொரு மொழிக்காரர் படிக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை நாம் அறிவோம். ஒரு கணினியில் ஓடும் படம் மற்றொரு கணினியில் ஓடுவதற்கும் அப்படி ஒருவர் தேவைப்படுகிறார் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வரலாறு படிக்கும் மாணவனாகிய எனக்கு இதைக் கற்பித்தது வகுப்பறை அன்று. ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டு பீரோவில் கிடந்த ஒரு பழைய சி.டி.

அது 2003-இல் நடந்த சித்தியின் திருமணப் படம். நான் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்ட அம்மாச்சி நடமாடும் ஒரே படம் அதுதான். அதை ஓட்டும் பெட்டி பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. "எங்கம்மா நடந்து வர்றத ஒரு தடவ பாத்துட்டாப் போதும்டா தம்பி" என்று அம்மா சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா?

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெரியம்மா மகள் அக்காவுக்குக் கிடைத்த கணினி இப்போது என்னிடம் உள்ளது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸ், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. என்னுடையதில் இன்று லினக்ஸ் மட்டுமே மிச்சம். சி.டி. ஓட்டும் கருவியை இரவல் வாங்கிப் பொருத்திப் படத்தை நகலெடுக்க முயன்றேன். பிழை என்று சொல்லி நின்றுவிட்டது. அதே தட்டை நண்பன் வீட்டு விண்டோஸ் கணினியில் போட்டால் எளிதாக நகலாகிறது! தட்டில் குறை இல்லை என்பது விளங்கியது. பிறகு எங்கே குறை?

சாதாரண சி.டி.யில் ஒவ்வொரு சிறு பகுதியிலும் 2,048 பைட்டு செய்தி இருக்கும். மீதி இடம் பிழை திருத்துவதற்கு. வீடியோ சி.டி.யிலோ, படத்தில் ஒரு புள்ளி கெட்டாலும் பெரிய நட்டமில்லை என்று கருதி, அந்தத் திருத்தும் இடத்தையும் படத்துக்கே கொடுத்து 2,324 பைட்டு வைத்தார்கள். அதனால்தான் 74 நிமிடப் படம் ஒரே தட்டில் அடங்கியது. இந்த ஏற்பாட்டை விண்டோஸ் ஒரு மேலுறை போட்டு நமக்குக் கோப்பாகக் காட்டுகிறது. லினக்ஸ் அப்படிக் காட்டுவதில்லை; அதற்கென்று எழுதப்பட்ட தனி நிரல்களைக் கொண்டே எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் மூன்றெழுத்து வெறும் வண்டியின் பெயர். உள்ளே அமர்ந்திருக்கும் படமும் ஒலியுமே பயணிகள். ஆப்பிள் 1991-இல் குயிக்டைம் என்ற வண்டியை விட்டது. மைக்ரோசாஃப்ட் 1992-இல் ஏ.வி.ஐ. என்ற வண்டியை விட்டது. தேனியிலிருந்து வருபவர் ஆரப்பாளையத்தில் இறங்கி, மாட்டுத்தாவணி போய் வேறு பேருந்து ஏறினாலும் ஆள் மாறுவதில்லை அல்லவா? அப்படி வண்டியை மட்டும் மாற்றினால் படத்துக்கு எந்தக் கேடும் இல்லை. ஆனால் பயணியையே மாற்றுவது, அதாவது படத்தைப் புதிய முறையில் மீண்டும் சுருக்குவது, மொழிபெயர்ப்பு போன்றது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று சிந்திப்போகும். மொழிபெயர்ப்பிலிருந்து இன்னொரு மொழிபெயர்ப்பு செய்தால் மூலத்தின் முகமே மங்கிவிடும். வீடியோ சி.டி.யின் படமோ 352-க்கு 288 புள்ளிகள்தான். அதில் இழப்பதற்கு என்ன இருக்கிறது?

எனவே முதலில் உள்ளடக்கத்தைத் தொடாமல் மேலுறையை மட்டும் நீக்கி ஒரு மூலப் பிரதி எடுத்தேன். அதன் பிறகு, உறவினர்களின் கைப்பேசிகளுக்காக அதிலிருந்து எம்.பி.4 நகல் ஒன்று செய்தேன். இரண்டுக்கும் உதவியது 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருள். படத்தை ஓட்டியது வி.எல்.சி. அது 1996-இல் பாரிஸில் நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்கள் தங்கள் படிப்புத் திட்டமாகத் தொடங்கியது. 2001-இல் எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையோடு வெளிவந்தது. இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் என்ற வேறுபாடு பாராமல் ஓடுகிறது. மாணவர் முயற்சியை அற்பமாக எண்ணுபவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

படத்தில் அம்மாச்சி மொத்தம் பதினொரு விநாடிகளே வருகிறார். வெற்றிலைத் தட்டை ஏந்திப் பந்தலுக்குள் நுழைந்து, யாரையோ பார்த்து, "சாப்பிட்டியா?" என்கிறார். நாதசுர ஒலிக்கு நடுவே அந்த ஒரு சொல் கேட்டது. அம்மா மூன்று முறை போடச் சொன்னார். நான்காம் முறை கேட்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

நண்பர்களே, நம் வீடுகளில் இப்படி எத்தனை தட்டுகள் பூசணம் பிடித்துக் கிடக்கின்றனவோ! பூச்சு உரிந்த தட்டிலிருந்து எந்த மென்பொருளாலும் முகங்களை மீட்க முடியாது. இந்த விடுமுறையிலேயே அவற்றைத் தேடி எடுங்கள். மூலத்தை அப்படியே இரண்டு இடங்களில் வையுங்கள். நகல் வேண்டும்போதெல்லாம் மூலத்திலிருந்தே செய்யுங்கள். வண்டிகள் வரும், போகும். ஏறி வந்தவர்களைத் தொலைக்காமல் இறக்கி ஏற்றுவது நம் கடமை.