கறக்காமல் விட்ட இரவு

2007 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஷெல்லடிக்குப் பயந்து படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து ஓடி வந்தோம். பட்டியில் நின்ற மாடுகளை அவிழ்த்து விட்டுத்தான் வந்தோம். திரும்பிப் போனபோது பட்டியும் இல்லை, மாடும் இல்லை.

பிறகு மாதர் சங்கத்தில் கடன் எடுத்து ஒரு நாட்டுப் பசு வாங்கினேன். நிறத்தைப் பார்த்துச் 'செவலை' என்று பெயர் வைத்தேன். குட்டை மாடு. நாளுக்கு இரண்டு போத்தல் பால்தான் தரும். கணவர் இல்லாத வீட்டில் மகளின் படிப்புக்கும் கடன் தவணைக்கும் அதுதான் வழி.

2013 இல் எங்கள் பகுதியில் ஒரு கால்நடைக் கண்காட்சி வைத்தார்கள். நல்ல நாட்டுப் பசுவுக்குப் பணப் பரிசு. அந்தக் காசு கிடைத்தால் மூன்று தவணை கட்டலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

அயலிலுள்ள மாட்டுத் தரகர் ஒருவர் வந்து சொன்னார்: "தங்கச்சி, முதல் நாள் கறக்காத. கன்றையும் குடிக்க விடாத. மடி குடம் மாதிரி நிக்கும். கொம்பையும் அரத்தால ராவி எண்ணெய் பூசிவிடு. மாடு இளசாத் தெரியும்."

பசு கன்று ஈன ஈனக் கொம்பில் வளையம் விழும் என்பது மாடு வளர்க்கும் நமக்குத் தெரியும். ஐந்து வயதளவில் எட்டுப் பல்லும் விழுந்து முளைத்து விடும். அதன் பிறகு வயதை மதிப்பதற்கு அந்த வளையத்தையும் பார்ப்பார்கள். அதை ராவினால் பார்ப்பவர் ஏமாறுவார்.

கொம்பில் நான் கை வைக்கவில்லை. ஆனால் முதல் நாள் காலையில் கறக்காமல் விட்டேன். கன்றையும் தூரக் கட்டினேன்.

அன்று இரவு கன்று கத்திக்கொண்டே இருந்தது. செவலை படுக்கவில்லை. பின்னங்கால்களை அகட்டிக்கொண்டு நின்று முனகியது. விளக்கைக் கொண்டு போய் மடியைத் தொட்டேன். கல்லுப் போலவும் சூடாகவும் இருந்தது.

எனக்கு 1990 ஞாபகம் வந்தது. காட்டில் மறைந்திருந்த நாட்களில் என் கைப்பிள்ளை காய்ச்சலில் இறந்து போனது. மூன்று நாள் பால் கட்டி நான் பட்ட நோவை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அந்த நோவு தெரிந்த நானே வாயில்லாத ஒரு தாய்க்கு அதைச் செய்கிறேனே என்று உடம்பு நடுங்கியது. உடனே கன்றை அவிழ்த்து விட்டேன். மிச்சப் பாலையும் கறந்தேன். விடியும் முன் செவலை படுத்து அசை போட்டது.

கண்காட்சியில் செவலைக்குப் பரிசு கிடைக்கவில்லை. மடி பருத்து நின்ற வேறொரு பசுவுக்குக் கிடைத்தது. அதை அன்றைக்கே நல்ல விலைக்கு விற்றார்கள். வாங்கியவரும் எங்களைப் போல் தனித்து வாழும் ஒரு தாய்தான். சில வாரங்களின் பின் கடன் கூட்டத்தில் அவரைக் கண்டேன். "மடியைப் பார்த்துத்தான் வாங்கினன் அக்கா. சொன்ன பாலில் பாதியும் இல்ல. மடி வீங்கி ஒரு காம்பும் பழுதாப் போயிட்டு" என்று அழுதார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வேலையில் பாதியை நானும் செய்தவள்தானே.

சில வருடங்களின் பின் சங்கத்துப் பெண்கள் சேர்ந்து நெடுந்தீவுக்குப் போனோம். குறிகட்டுவானிலிருந்து படகு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழி வந்த மட்டக்குதிரைகள் அங்கே கட்டாக்காலியாகத் திரிகின்றன. கடற்காற்றில் பிடரிமயிர் சிக்குப்பட்டிருந்தது. "கழுவிப் பின்னிவிட்டா எவ்வளவு வடிவு" என்றாள் ஒருத்தி.

எங்களோடு வந்த கால்நடை வைத்தியர் அம்மா அதற்கு ஒரு விளக்கம் சொன்னார். பிரித்தானியாவில் எக்ஸ்மூர், டாட்மூர், ஷெட்லன்ட் போன்ற அந்நாட்டு மட்டக்குதிரைகளுக்கெனத் தனிப் போட்டிகள் உண்டாம். மற்றக் குதிரைகளின் பிடரியைப் பின்னி அலங்கரிப்பார்களாம். ஆனால் இவற்றைப் பின்னாமல் இயற்கையாகவே காட்ட வேண்டுமாம். "குளிரையும் மழையையும் தாங்கத்தான் அதற்கு அந்த மயிர். அதை மாற்றிவிட்டால் எந்த இனம் என்றே தெரியாமல் போகும். குறையை மறைத்துப் பரிசு வாங்கினால் அந்தக் குறையுள்ள மிருகத்தின் வயிற்றிலேயே அடுத்த கன்றையும் எடுப்பார்கள்" என்றார்.

ஊருக்கு வந்து எங்கள் சங்கத்தில் பேசினோம். நாங்கள் வைக்கும் சிறிய கண்காட்சிக்குச் சில விதிகள் போட்டுக்கொண்டோம். பசுவோடு கன்றும் வர வேண்டும். முதல் நாள் வழமைபோல் கறக்க வேண்டும். அன்றும் எல்லோர் முன்னிலையிலும் கறந்து அளக்க வேண்டும். கொம்பை ராவவோ, சாயம் பூசவோ, வயிறு பருக்க உப்பூட்டித் தண்ணீர் குடிக்க வைக்கவோ கூடாது. கழுவித் துடைத்துக் கொண்டு வந்தால் போதும். நிழலும் தண்ணீரும் இருக்க வேண்டும். விற்பவர் பசு எத்தனை ஈற்று என்பதை வாயால் சொல்ல வேண்டும்.

சகோதரிகளே, நாம் பரிசுக்கும் விலைக்கும் ஆசைப்படுவது பிழையில்லை. நமது வறுமை அப்படி. ஆனால் நமது பசுவை வாங்க வருகிறவளும் கடன் எடுத்துத்தான் வருகிறாள் என்பதை மறக்கக் கூடாது.

செவலைக்கு இப்போது வயது போய்விட்டது. அதன் பேத்திக் கன்றை வாங்க ஒரு தங்கச்சி வந்தாள். "தாய்க்கு எவ்வளவு பால் அக்கா?" என்று கேட்டாள். "இரண்டு போத்தல்தான் மனே, காலையில வந்து நீயே கறந்து பார்" என்றேன். வந்து கறந்து பார்த்துத்தான் கொண்டு போனாள்.