காசும் கட்டி, கறுப்புத் திரையும் பார்த்து!

ஃப்ரெண்ட்ஸ், உங்களுக்கும் இது நடந்திருக்கும். பாக்கெட் மணியை மிச்சம் பிடிச்சு சந்தா கட்டியாச்சு. படத்தைப் போட்டா டயலாக் மட்டும் கேட்குது, திரை கும்மிருட்டு! எங்க ஹாஸ்டல்ல பழைய புரொஜெக்டரை மாட்டினப்போ இதே கதைதான்.

வில்லன் பேரு ஹெச்.டி.சி.பி. இன்டெல் உருவாக்கின பூட்டு. கேபிளோட மறுமுனையில இருக்கிற திரையைப் பார்த்து, 'நீ நம்ம ஆளா?'னு லேப்டாப் கேட்கும். சரியான பதில் வரலைன்னா படம் கட்! கூட்டாளி, கூகுளோட வைட்வைன். சிப்புக்குள்ளேயே பாதுகாப்பு இருந்தா எல்1; வெறும் சாஃப்ட்வேர்னா எல்3. எல்3 கருவிக்குப் பல ஆப்கள் 480பி-க்கு மேல தராது. திரை எவ்வளவு பெரிசா இருந்தும் படம் மங்கல்தான்.

2019 டிசம்பர்ல சாம்சங்கோட சில பழைய ஸ்மார்ட் டி.வி-களில் நெட்ஃப்ளிக்ஸ் நின்னேபோச்சு. அந்த டி.வி-களில் இருந்தது பழைய மாடல் பூட்டாம்!

சரி, திருடனாவது மாட்டினானா? ஹெச்.டி.சி.பி-யோட மாஸ்டர் சாவி 2010-லயே கசிஞ்சிடுச்சு. இன்டெலே ஒப்புக்கிச்சு. திருட்டுக் காப்பியில பூட்டே கிடையாது; எந்தத் திரையிலும் ஜம்முனு ஓடும். ஒழுங்கா காசு கட்டுற நாமதான் சந்தேகக் கேஸ்!

அதனால பாஸ், டி.வி-யோ புரொஜெக்டரோ வாங்கப் போனா இன்ச்சை மட்டும் பார்க்காதீங்க. 'எல்1 இருக்கா?'னு கேளுங்க. நீங்க பார்க்கிற ஆப்பைக் கடையிலேயே ஹெச்.டி-யில ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ஓடினா மட்டும் பர்ஸைத் திறங்க!