செல்மாவில் ஒரு பகல்

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், அலபாமா ஆற்றங்கரையில் அமைந்த சிறிய நகரம் செல்மா. மாநிலத் தலைநகரான மான்ட்கோமரியிலிருந்து 54 மைல் தொலைவு. பயணிகளைக் கவரும் எழில் மிகுந்த ஊர் என்று அதைச் சொல்வதற்கில்லை. ஆயினும் திருத்தலம் ஒன்றுக்குச் செல்லும் உள்ளத்தோடுதான் நாம் அங்கே சென்றோம். வாக்குரிமைக்கு அவ்வூர் மக்கள் கொடுத்த விலை அத்தகையது.

முதலில் நாம் கண்டது பிரவுன் சேப்பல் ஆலயம். சிவந்த செங்கற்சுவர்களும் இரட்டைக் கோபுரங்களும் கொண்டது. கறுப்பின மெதடிஸ்டு சகோதரர்களுடையது. மக்கள் கூடுவதற்கு நீதிமன்றத் தடை இருந்த காலத்தில், 1965 ஜனவரி 2 அன்று, மார்ட்டின் லூதர் கிங் இவ்வாலயத்தில் துணிந்து பேசினார். 1959-இல் நம் குமரிமுனைக்கும் வந்து சென்றவர் அவர்.

மக்கள் வேண்டியது பெரிதொன்றுமில்லை. வாக்காளர் பட்டியலில் தங்கள் பெயர் இடம்பெற வேண்டும் என்பதே. நிற வேறுபாட்டால் வாக்குரிமையை மறுக்கலாகாது என்று 1870-லேயே அரசியல் சட்டம் கூறிவிட்டது. ஆனால் 1965-இன் தொடக்கத்தில், செல்மா அடங்கிய கவுண்டியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்கள் ஏறக்குறைய 15,000 பேரில் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 300 பேரே! பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாட்களே திறந்திருக்கும். நீண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். சட்டம் பற்றிய கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். விடை சரியா, தவறா என்பது அலுவலரின் விருப்பம். வரிசையில் நின்றதற்காகவே வேலையை இழந்தோரும் உண்டு.

இந்தச் சுவரை முதலில் தட்டியவர்கள் எளிய மனிதர்கள். பல் மருத்துவப் பணியாளரான மேரி பாஸ்டர் என்னும் பெண்மணி, தாமே பலமுறை முயன்று பெயரைப் பதிவு செய்துகொண்டவர். பிறருக்கும் படிவம் நிரப்பக் கற்பிக்க 1963-இல் அவர் வகுப்பொன்று தொடங்கினார். முதல் நாள் வந்தவர் ஒரே ஒருவர். எழுபது வயது முதியவர். அன்று அவருக்குக் கற்பித்த பாடம், தம் பெயரைத் தாமே எழுதுவது. அவ்வாண்டு மே மாதம், வாக்குரிமைக்கான முதற் பெருங்கூட்டம் டேபர்னக்கிள் பாப்டிஸ்டு ஆலயத்தில் நடந்தது. வாக்காளர் பதிவுக்காகப் பல்லாண்டு உழைத்து மறைந்த சாமுவேல் பாய்ன்டனின் நினைவு வழிபாடே அக்கூட்டமாயிற்று.

ஆலயத்திலிருந்து எட்மண்ட் பெட்டஸ் பாலத்துக்கு நடந்தோம். நடு உயர்ந்த பாலம் அது. உச்சியை அடையும்வரை மறுகரை தெரியாது. 1965 மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை, ஏறக்குறைய 600 பேர் இவ்வழியே நடந்தனர். உச்சிக்கு வந்த பிறகே, கீழே தடிகளுடன் காத்திருந்த காவலரைக் கண்டனர். எனினும் திரும்பவில்லை. உச்சியில் நின்ற நமக்குப் பேச்செழவில்லை.

அன்று நம் திருச்சபை எங்கே இருந்தது? இக்கேள்வி நம்மை வாட்டியது. செல்மாவின் அருட்கன்னியர் ஊர்வலத்தில் கலந்துகொள்ளப் பேராயரின் அனுமதி இல்லை. ஆனால் அடிபட்டவர்கள் கொண்டுவரப்பட்டது, அக்கன்னியர் பணியாற்றிய நல்ல சமாரியர் மருத்துவமனைக்கே. காயங்களுக்குக் கட்டுப்போட்ட கரங்கள் அவர்களுடையவை. மக்கள் பக்கம் நின்ற பங்குத்தந்தை மோரிஸ் ஒல்லே, அவ்வாண்டே செல்மாவை விட்டு நீங்க நேர்ந்தது. மார்ச் 10 அன்று செயின்ட் லூயி நகரிலிருந்து அருட்கன்னியர் அறுவர் வந்திறங்கினர். அவர்களுள் ஒருவரான அருட்சகோதரி அந்தோணா எபோ கறுப்பினத்தவர். அச்சமும் துணிவும் ஒரே வீட்டில் குடியிருந்தன என்பதை மறைப்பதற்கில்லை.

1965 ஆகஸ்டு 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையொப்பமாயிற்று. மறு ஆண்டுத் தேர்தலிலேயே, மக்களை ஒடுக்கிய ஷெரீப் தோல்வியுற்றார். ஆயினும் அச்சட்டத்தின் முக்கியப் பகுதி ஒன்றை 2013-இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. பெற்ற உரிமையும் காவலின்றி நிலைப்பதில்லை போலும்.

நம் நாட்டிலோ, முதற் பொதுத் தேர்தலிலேயே வயதுவந்தோர் அனைவரும் வாக்குரிமை பெற்றோம். அதனாலன்றோ அதன் அருமையை மறக்கிறோம்! நம் பங்கில் பதினெட்டு நிறைந்த பிள்ளைகள் எத்தனை பேர் இன்னும் பெயர் சேர்க்கவில்லை? பிழைப்புக்காக ஊர் மாறியவரும், எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் யாரை நாடுவர்? ஞாயிறு திருப்பலிக்குப்பின் ஆலய முற்றத்தில் ஒரு மேசை இட்டு, உரிய படிவத்தை நிரப்பித் தர இரண்டு இளைஞர் போதுமே. யாருக்கு வாக்கு என்பதை அவரவர் மனச்சான்று முடிவு செய்யட்டும். அதில் நாம் தலையிட வேண்டா.

முதல் நாளில் ஒருவரே வரலாம். செல்மாவிலும் அப்படித்தான் தொடங்கியது.