ஊளையிட்ட சில்லு

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாகப் பொத்துவிலுக்குச் செல்லும் கடலோரப் பெருவீதியைப் போல ஊர்கள் நெருங்கித் தொடுத்த வீதி இலங்கையில் வேறுண்டோ என நாம் ஐயுறுவதுண்டு. கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனை, கடைத்தெரு நிறைந்த கல்முனை, சாய்ந்தமருது, 1892இல் விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஒன்று முடியுமுன் மற்றொன்று தொடங்கும். பள்ளிவாசல் மினாராவும் கோயிற் கோபுரமும் மாறி மாறித் தோன்றும். மேற்கே வயல், கிழக்கே கடல். இவ்வழியே குடும்பத்தோடு அறுகம்பே நோக்கிச் சென்ற எமக்குக் கண்ணைவிடக் காதுக்கே அன்று வேலை மிகுந்தது.

எமது வாகனம் உயரமான குடும்ப வண்டி. ஊரார் வழக்கில் ஜீப். நிந்தவூரைக் கடந்து வேகம் 50 கிலோமீட்டரைத் தாண்டியதும் எங்கிருந்தோ ஓர் ஊளை எழுந்தது. வேகம் ஏற அதன் சுருதியும் ஏறிற்று, தணியத் தணிந்தது. கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் கேட்கும் பாடும் மீன் வண்டிக்குள் புகுந்துவிட்டதென்று சிறுவர்கள் கைகொட்டினர். பெரியோர்க்கோ பேச்சு அடங்கிவிட்டது.

முதலில் குற்றம் சாட்டப்பட்டவை கூரைமேற் சட்டங்கள். காற்று ஒரு கம்பியைக் கடக்கும்போது அதன் பின்னே சிறு சுழல்கள் ஒழுங்காக மாறி மாறிப் பிரிவதனால் ஓசை பிறக்கும். எம் மைத்துனர் சட்டங்களில் கயிற்றைத் திருகுசுருளாகச் சுற்றினார். சுழல்களின் ஒழுங்கு குலையவே மெல்லிய சீழ்க்கை ஒன்று நின்றது. ஊளை மட்டும் முன்னிலும் தெளிவாகக் கேட்டது!

அடுத்து டயர்கள். டயர் ஓசையாயின் வீதியின் மேற்பரப்பு மாற அதுவும் மாறும். வழவழப்பான தாரிலும் கரடுமுரடான ஒட்டுப்போட்ட இடத்திலும் இது ஒரே குரலில் அழுதது. கியரை நியூட்ரலுக்கு மாற்றி வண்டியைத் தானே ஓடவிட்டோம். எஞ்சின் அடங்கியும் ஊளை அடங்கவில்லை. அழுத்தியை மிதித்தபோதும் விட்டபோதும் குரலில் வேறுபாடு இல்லாமையால் டிப்பரன்சல் மீதிருந்த ஐயமும் தளர்ந்தது.

இதற்குள் அக்கரைப்பற்றை அடைந்துவிட்டோம். பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது. திருக்கோவிலைத் தாண்டிக் கோமாரிப் பக்கம் சென்றால் வீடுகள் அருகும். அந்திக்குப் பின் யானைகள் வீதியைக் கடக்கும் இடம் அது. “ஊர் இருக்கும்போதே காட்டிவிடுவோம்” என்றார் அம்மா. அறுகம்பேயில் அறை ஒழுங்குசெய்திருந்த மைத்துனருக்கு மனமில்லை. ஆயினும் அம்மாவின் சொல்லே வென்றது.

சிறிய கராஜ் ஒன்றில், நரைத்த தாடியுடைய மெக்கானிக் ஒருவர் இருந்தார். ஊர் வழக்கப்படி ‘காக்கா’ என விளித்து விடயத்தைச் சொன்னோம். அவர் எதையும் கழற்றவில்லை. ஏறி அமர்ந்து, வெறிச்சோடிய வீதியில் வண்டியை மெதுவாக இருபுறமும் வளைத்து ஓட்டச் சொன்னார். வலப்புறம் வளைத்தபோது ஊளை பொங்கியது. இடப்புறம் வளைத்தபோது சுருங்கியது.

“வலத்தால திருப்பினா பாரம் இடத்துச் சில்லுல விழுது, தம்பி. முன்சில்லு பெயாரிங்தான் கத்துது.”

பின்னர் ஜாக்கியால் வண்டியை உயர்த்தி, சில்லைக் கையால் சுழற்றி, மறு கையைச் சுருள்வில்லின்மேல் வைத்தார். எம்மையும் தொடச் செய்தார். மாவரைக்கும் கல்லின் அதிர்வு விரலில் ஏறியது. வலச்சில்லில் அது இல்லை. நீண்ட திருப்புளியின் முனையைச் சில்லின் அச்சுப்புறத்தில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பாடும் மீனைக் கேட்க விழைவோர் துடுப்பை நீரில் ஊன்றி மறுமுனையில் காது வைப்பதும் இம்முறையே அன்றோ? காற்றைவிடத் திண்பொருள் ஓசையை நன்கு கடத்தும்.

பெயாரிங் என்பது இரு வளையங்களும் இடையே உருளும் எஃகுக் குண்டுகளுமாகும். கிரீஸ் வற்றி வளையத்தில் சிறு பொள்ளல் விழுந்தால் ஒவ்வொரு குண்டும் அதில் தட்டிச் செல்லும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இத்தகைய சில்லு விநாடிக்கு ஏறக்குறைய 8 முறை சுழலும். தட்டல்களோ அதனினும் பன்மடங்கு. அவை ஒன்றோடொன்று இழைந்தே ஊளையாகின்றன. கவனியாது விட்டால் சில்லு ஆடத் தொடங்கும். சூடேறி இறுகவும், கழன்று போகவும் கூடும். நடுக்காட்டில், பிள்ளைகளோடு, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் அது நிகழ்ந்திருந்தால் என எண்ணியபோது மைத்துனர் தாமாகவே அறைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார்.

பழையதைச் சுத்தியலால் அடியாமல், அழுத்தும் பொறியால் வெளியேற்றினார் காக்கா. புதியதையும் வெளிவளையத்தில் மட்டுமே அழுத்தி ஏற்றினார். உள்வளையத்தில் அழுத்தினால் குண்டுகளே வளையத்தைக் குழியாக்கிவிடுமாம். வேலை முடிய இருட்டிவிட்டது. “காலையில போங்க, ஆனை நிக்கும்” என்றார். அவ்வாறே செய்தோம்.

விடியற்காலையில் கோமாரி வீதியில் யானை இலத்தி ஈரம் காயாமற் கிடந்தது. கண்ணாடிகளை இறக்கிவிட்டோம், வண்டிக்குள் கடலோசை கேட்டது. பொத்துவிலுக்குத் தெற்கே களப்புக்கு மேலான பாலத்தில் சற்று நின்றோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை பழைய பாலத்தைச் சிதைத்தது. அமெரிக்க உதவியோடு கட்டிய இப்பாலம் 2008இல் திறக்கப்பட்டது. அப்பால் உல்லைக் கடைத்தெரு. அலைச்சறுக்குப் பலகைகளைக் கூரைச் சட்டத்தில் ஏற்றிய முச்சக்கர வண்டியொன்று சீழ்க்கையடித்தபடி எம்மைக் கடந்து சென்று தேநீர்க் கடையருகே நின்றது. மைத்துனர் மீதமிருந்த கயிற்றைத் தேடத் தொடங்கினார்.