உயிருக்கு ஆபத்து என்று எழுதினேன்

நான் பொய் எழுதிக் கொடுத்துத் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கியவன். அந்தப் பொய்யில் ஒரு மனிதரின் பெயர் இருந்தது. என் அப்பா காலத்திலிருந்து எங்கள் தாராவிப் பட்டறையில் தோல் தைத்தவர் அவர். எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். அவரால் என் உயிருக்கு ஆபத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படி ஓர் ஆபத்து ஒருநாளும் இருந்ததில்லை. கையெழுத்துப் போடும்போதே அது எனக்குத் தெரியும்.

எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தாத்தா தாராவியில் தோல் பதனிடும் தொட்டியில் இறங்கி நின்று வேலை பார்த்தவர். பாந்த்ராவில் இருந்த இறைச்சிக்கூடம் எழுபதுகளின் தொடக்கத்தில் தேவ்னாருக்குப் போனது. தொட்டிகளும் கொஞ்சம் கொஞ்சமாக ஊரைவிட்டுப் போயின. பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் வேலை மட்டும் தாராவியில் தங்கியது. அப்பா அதில் ஒரு பட்டறை போட்டார். என் காலத்தில் மாட்டுங்காவில் ஒரு சின்னக் கடையும் செம்பூரில் ஒரு வீடும் சேர்ந்தன. சனிக்கிழமை இரவு வசூல் பணத்தோடு தாராவியிலிருந்து செம்பூருக்குப் போகிறேன், பாதுகாப்பு வேண்டாமா என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். அந்தப் பாதையில் என்னை ஒருவரும் வழிமறித்ததில்லை.

உண்மைக் காரணம் வேறு. சிறுவனாக இருந்தபோது அப்பா என்னை மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே பம்பாயின் தமிழ் தாதா வரதராஜ முதலியார் போடும் கணபதிப் பந்தலுக்கு அழைத்துப்போவார். அவர் பெயரைச் சொன்னாலே பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவதை அங்கே பார்த்தேன். அந்த மரியாதைக்குப் பின்னால் எத்தனை வீட்டு அழுகை இருந்தது என்று அந்த வயதில் தெரியாது. போலீஸ் நெருக்கடியில் அவர் பம்பாயை விட்டுப்போய் 1988 ஜனவரியில் சென்னையில் இறந்தார். அவர் போன பிறகும் என் ஆசை போகவில்லை. நாலு பேர் என்னைக் கண்டு பேச்சை நிறுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பட்டறையும் கடையும் வீடும் அதைத் தரவில்லை. இடுப்பில் ஒரு துப்பாக்கி தரும் என்று நம்பினேன்.

அந்தத் தையல்காரரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்பார். கண் மங்கி வேலையை விட்டபோது, இத்தனை வருடத்துக்கு ஏதாவது கணக்குப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டார். அப்போது நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டு கிராஜுவிட்டிச் சட்டம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கானது. வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் கூலி தர வேண்டும். வெட்டுபவர், தைப்பவர், பசை தடவுபவர் என்று எண்ணினால் என் பட்டறை பத்தைத் தாண்டும். பதிவேட்டில் நான் காட்டியது அதைவிடக் குறைவு. அந்தப் பதிவேட்டைக் காட்டியே இல்லை என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னார்: "சங்கத்துக்குப் போவேன், கோர்ட்டுக்குப் போவேன், விடமாட்டேன் தம்பி."

லைசென்ஸ் விண்ணப்பத்தோடு கொடுத்த மனுவில் சங்கத்தையும் கோர்ட்டையும் விட்டுவிட்டேன். "விடமாட்டேன் என்று மிரட்டினார்" என்று மட்டும் எழுதினேன். சாட்சிக்கு நின்றவர்கள் என்னிடம் கூலி வாங்குகிறவர்கள்.

நம் நாட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது யாருக்கும் உரிமை அல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். மும்பையில் அது போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் முடிவாகும். உள்ளூர் போலீஸ் விசாரித்து அறிக்கை தரும். 2016 விதிகள் வந்த பிறகு பயிற்சிச் சான்றும் கேட்கிறார்கள். இத்தனை தடைகளை ஒரு நாடு வைத்திருப்பதே, தேவை இல்லாதவன் கையில் ஆயுதம் போகக் கூடாது என்பதற்காகத்தான். விண்ணப்பத்தில் காரணம் கேட்டு விட்டிருந்த இடத்தை நான் ஒரு ஏழையின் பெயரால் நிரப்பினேன். விசாரணைக்காக அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பகல் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் சந்தில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. கண் மங்கினாலும் முடிந்த அளவு தைக்கலாம் என்று வேறொரு பட்டறையில் அவருக்குச் சொல்லி வைத்திருந்த வேலை இல்லாமல் போனது.

அந்த நாட்களில் நான் செய்துகொண்டிருந்தது துப்பாக்கி தேர்வு. பெண் பார்ப்பதுபோலப் பார்த்தேன் என்று சொன்னால் மிகையில்லை. சாதாரண ஆளுக்கு இங்கே 9 எம்.எம். கிடையாது, அது தடைசெய்யப்பட்ட ரகம். .32, .22 போன்றவைதான் கிடைக்கும். கான்பூரில் செய்யும் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் ஒன்று. டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, 2014-இல் பெண்களுக்கென்று சொல்லி வந்த நிர்பீக் ஒன்று. அரைக் கிலோ எடை, அப்போது விலை ஒரு லட்சத்துக்கு மேல். எண்பதுகளின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை நிறுத்திவிட்டதால், அதற்கு முன் வந்த பழைய சரக்குக்கு இங்கே தங்க விலை. நான் அதைத்தான் கேட்டேன். ஜெர்மனியின் வால்தர் பி.பி.கே., 1931-இல் வந்த மாடல், சினிமாவில் ஜேம்ஸ் பாண்ட் கையில் பார்த்தது. அண்ணாச்சி கேட்ட தொகையைப்போலப் பல மடங்கை எண்ணிக் கொடுத்து அதை வாங்கினேன்.

பயிற்சி தந்தவர் அனுபவசாலி. சின்னத் துப்பாக்கி வைத்துக்கொள்ள எளிது, சுடக் கடினம் என்றார். குழல் குட்டை, முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறைவு. கை இம்மி அசைந்தாலும் தோட்டா எங்கோ போகும். எடை குறைந்தால் உதைப்பு கூடும். ஸ்பிரிங் இறுக்கமாக இருப்பதால் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கவே பலம் வேண்டும். வேர்வைக் கையில் வழுக்கும். பெரிய துப்பாக்கிக்குச் செய்வதைவிட இதற்கு அதிகப் பயிற்சி வேண்டும், அவ்வளவு முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அந்தப் பயிற்சிக்கு மேல் நான் சுட்டுப் பழகவே இல்லை. குறி தப்பினால் பக்கத்தில் நிற்பவர் மேல் படும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. தாராவிச் சந்தில் பக்கத்தில் ஆள் நிற்காத இடம் எது?

மறைத்து வைப்பது இங்கே சட்டம் சொல்வதும்கூட. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுக்க மூடியபடி இருக்க வேண்டும். எடுத்து ஆட்டிக் காட்டக் கூடாது என்கின்றன 2016 விதிகள். உறையை நானே தைத்தேன். விசைப் பகுதியைத் தோல் முழுக்க மூட வேண்டும், துப்பாக்கி வைக்கும் பைக்குள் சாவியோ சில்லறையோ கூடாது என்று கற்றிருந்தேன். நல்ல மாட்டுத் தோலை எடுத்து, அண்ணாச்சி சொல்லிக்கொடுத்த இரட்டை ஊசித் தையல் போட்டேன். அவர் கற்றுக்கொடுத்ததை அதற்குப் பயன்படுத்தினேன். அன்று எனக்குக் கை கூசவில்லை.

சட்டத்தின் எழுத்தை மதித்தேன். அதன் நோக்கத்தைத் தினமும் மீறினேன். மறைத்து வைத்ததை எல்லாரும் அறியும்படி செய்தேன். பட்டறையில் உட்காரும்போது சட்டையைச் சரிசெய்வதுபோலத் துப்பாக்கி இருக்கும் பக்கம் கை வைப்பேன். கூலி உயர்வு கேட்க வந்த பையன்கள் கேட்காமலே திரும்பினார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் வேர்வையும் ஈரமும் பட்டுத் துருப்பிடிக்காமல் இரவெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். மகளின் பாட நோட்டை அத்தனை அக்கறையோடு நான் பார்த்ததில்லை.

ஒருநாள் அண்ணாச்சி பட்டறைக்கு வந்தார். என் பெயரை ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டார். பேசிக்கொண்டே சட்டைக்குள் கையை விட்டார். என் கை பையிலிருந்த துப்பாக்கியின் பிடிக்குப் போனது. அவர் அதைப் பார்த்துவிட்டார். அப்படியே நின்றார். "கணக்கு நோட்டுதான், முதலாளி" என்றார். தம்பி என்று கூப்பிட்ட வாய். நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவர் வந்து சேர்ந்த வருடத்திலிருந்து அப்பா அவருக்குக் கொடுத்ததெல்லாம் அதில் எழுதியிருந்தது. அன்றைக்கே அவர் பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. என் கை போன வேகத்தை நினைத்து உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டேன். என் ஒப்புதலில் சொல்ல மிகவும் வெட்கப்படும் இடம் இதுதான்.

உண்மையான ஆபத்தை என் அப்பா பார்த்திருக்கிறார். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மதக் கலவரத்தில் இந்த ஊர் எரிந்தது. 900 பேர் இறந்ததாக ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்குச் சொன்னது. தாராவியும் தப்பவில்லை. எங்கள் தோல் கட்டுகளை அடுத்த சந்து முஸ்லிம் வியாபாரி தன் கிடங்கில் வைத்துக் காத்தார். அவர் வீட்டுப் பெண்கள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். அப்பாவிடம் ஒரு கத்திகூட இல்லை. அதே கலவர பயத்தைத்தான் நடிகர் சஞ்சய் தத்தும் காரணமாகச் சொன்னார். லைசென்ஸ் இல்லாமல் வாங்கி வைத்த ஆயுதத்துக்கு 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்து, ஆறு வருடத் தண்டனையை ஐந்து வருடமாகக் குறைத்தது. அப்பாவின் மகனான நான், பயமே இல்லாத காலத்தில், லைசென்ஸோடு அதைவிடக் கேவலமான காரியம் செய்தேன்.

2024 பிப்ரவரியில் தஹிசரில் முன்னாள் மாநகராட்சி உறுப்பினர் அபிஷேக் கோசால்கரை ஒருவர் நேரலை ஓடும்போதே சுட்டுக் கொன்றார். சுட்டவர் எடுத்தது தன் மெய்க்காப்பாளரின் லைசென்ஸ் துப்பாக்கியை என்று போலீஸ் சொன்னது. அதே வருடம் அக்டோபர் 1 அன்று நடிகர் கோவிந்தாவின் சொந்த ரிவால்வரே வெடித்து அவர் காலில் குண்டு பாய்ந்தது. என் மகள் இரண்டையும் செய்தியில் பார்த்தவள். "நம்ம வீட்ல யாரைச் சுடறதுக்குப்பா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். நான் எழுதிக் கொடுத்த பெயரை அவளிடம் சொல்ல என்னால் முடியவில்லை. அவளைத் தோளில் தூக்கி கணபதிப் பந்தலெல்லாம் காட்டியவர் அவர்.

துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள கடையில் விற்றேன். வந்த பணத்தோடு, கல்யாண் பக்கம் மகள் வீட்டில் இருந்த அண்ணாச்சியிடம் போனேன். அந்த நோட்டை வைத்து, வருடத்துக்குப் பதினைந்து நாள் என்று கணக்குப் போட்டு, தாமதத்துக்கு வட்டியும் சேர்த்துக் கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டார். மன்னியுங்கள் என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. "ஸ்டேஷன்ல எம்பேர்ல எழுதுனது அப்படியேதானே இருக்கும், முதலாளி?" என்று கேட்டார்.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். லைசென்ஸை ரத்து செய்யும்படி மனுக் கொடுத்திருக்கிறேன். நான் முன்பு சொன்னது பொய் என்று அதில் எழுதி, அவர் சொன்ன வாக்கியத்தைச் சங்கம், கோர்ட்டோடு முழுதாகச் சேர்த்திருக்கிறேன். பொய்த் தகவலுக்கு என்மேல் வழக்கு வரலாம். வந்தால் மறுக்க மாட்டேன். பட்டறைப் பதிவேட்டில் இப்போது எல்லார் பெயரும் இருக்கிறது. அன்று எனக்குச் சாட்சி சொன்னவர்களைக் கூப்பிட்டு, நான் பொய் சொல்ல வைத்தேன் என்று அவர்கள் முன் ஒத்துக்கொண்டேன். கைத்துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கும் யாரும், காரணம் எழுதுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நான் பெயர் எழுதப்போகும் இந்த ஆள் என்னைக் கொல்ல வருகிறாரா, இல்லை நான் கடன்பட்டிருப்பவரா? நான் அதைக் கேட்டிருந்தால் ஒரு நல்ல மனிதர் ஸ்டேஷன் படியேறியிருக்க மாட்டார்.