தொடாமல் இழுக்கும் புள்ளி

இங்க்ஸ்கேப் என்ற வரைமென்பொருளில் ஒரு வளைகோட்டைச் சொடுக்கினால் அதன் முனையிலிருந்து மெல்லிய நேர்கோடு ஒன்று வெளியே நீளும். அதன் நுனியில் சின்னதாக ஒரு வட்டம். அதைப் பிடித்து இழுத்தால் வளைவு அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டே வரும். ஆனால் வட்டத்தை வந்து தொடாது. இன்னும் இழுத்தால் இன்னும் சாயும், அப்போதும் தொடாது. காகம் ஒன்றைக் கோட்டோவியமாக வரைய உட்கார்ந்த நான், அலகை விட்டுவிட்டு இந்த வட்டத்தையே இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டிருந்தேன். கோட்டின் மேல் இல்லாத ஒரு புள்ளிக்குக் கோட்டின் மேல் இவ்வளவு செல்வாக்கு எப்படி வந்தது?

வளைவைப் புள்ளிகளால் பிடிப்பது கணினிக்கு முந்தைய வேலை. தூத்துக்குடியில் தோணி கட்டும் இடத்தில் ஒருமுறை நெடுநேரம் நின்றிருக்கிறேன். மேஸ்திரி, தரையில் கிடத்திய பலகையில் வரிசையாக ஆணி அடித்து, நீளமான மெல்லிய மரச்சட்டம் ஒன்றை அவற்றோடு அணைத்து வளைத்தார். தோணியின் பக்கவாட்டுக்கு வேண்டிய வளைவு அது. பிறகு ஒரு முனைக்குப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தின் நீளம் முழுக்கப் பார்த்தார். எழுந்துபோய் நடுவிலிருந்த ஓர் ஆணியைப் பிடுங்கினார். சட்டம் ஒரு நூல் அளவு விலகி நின்றது. மறுபடி உட்கார்ந்து பார்த்தார். இன்னொன்றையும் பிடுங்கினார். எனக்கு எல்லா ஆணியும் சரியாக இருப்பதாகத்தான் பட்டது, கேட்டேவிட்டேன். "அளவு சரிதான் தம்பி, ஆணிதான் கூடுதல். மரத்த அது போற போக்குல விடணும். எங்க பிடிக்காம தீராதோ அங்க மட்டும் பிடிச்சாப் போதும்" என்றார். ஆணிகள் குறைந்த பிறகு அந்த வளைவைப் பார்த்தேன். முன்பு அதில் ஒரு தயக்கம் இருந்திருக்கிறது என்பதே அது போன பிறகுதான் தெரிந்தது.

ஐரோப்பாவில் கப்பல் வரைந்தவர்களும் இதையேதான் செய்தார்கள். ஆணிக்குப் பதில் ஈயக் கட்டிகளை வைத்துச் சட்டத்தை நிறுத்தினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கெல்லாம் வளைவு பிடிமானத்தை உரசிக்கொண்டு போகும். உரசாமல் தள்ளி நின்று இழுக்கும் புள்ளி என்பது வேறு வகை எண்ணம். அது பிரான்சின் கார் ஆலைகளில் பிறந்தது.

கார் உடலுக்கு அப்போது யாரிடமும் எண் கிடையாது. வடிவமைப்பாளர் வரைவார், அதைப் பார்த்து ஒருவர் மாதிரி செய்வார், மாதிரியைப் பார்த்து இன்னொருவர் அச்சு வெட்டுவார். கை மாற மாற வடிவமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். 1958இல் சிட்ரோயனில் சேர்ந்த பால் த காஸ்தல்ஜோ என்ற இளம் கணிதவியலாளர், அடுத்த ஆண்டே இதற்கு ஒரு வழி கண்டார். பென்சிலும் ஸ்கேலும் இருந்தால் யாரும் செய்து பார்க்கலாம். தாளில் நான்கு புள்ளிகள் வைத்து வரிசையாக இணையுங்கள், மூன்று கோடுகள் வரும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி வைத்து இணைத்தால் இரண்டு கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒரே கோடு. அந்த ஒற்றைக் கோட்டின் நடுப்புள்ளி வளைவின் மேல் இருக்கும். நடுவுக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டே போனால் முழு வளைவும் தாளில் எழுந்து வரும். முதல் புள்ளியிலும் கடைசிப் புள்ளியிலும் மட்டும் அது தொட்டிருக்கும். நடுவிலுள்ள இரண்டும் வளைவைத் தங்கள் பக்கம் இழுத்துவிட்டு வெளியிலேயே நிற்கும். நான் பிடித்து இழுத்த வட்டம் அந்த இரண்டில் ஒன்று.

நேர்கோடுகளைத் தவிர வேறெதையும் வரையாமல் ஒரு வளைவு கிடைப்பதை முதன்முறை தாளில் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே உடம்பு சிலிர்த்தது.

சிட்ரோயன் இதை வெளியே விடவில்லை. போட்டி நிறுவனமான ரெனோவில் பியர் பெசியே என்ற பொறியாளர் 1960களில் அதே வளைவுக்குத் தன் வழியில் வந்து சேர்ந்தார். அவருக்கு அதைக் கட்டுரைகளாக வெளியிட முடிந்தது. ஆகவே உலகம் அதைப் பெசியே வளைவு என்கிறது. காஸ்தல்ஜோவின் பெயர், புள்ளிகளை நடுநடுவே பிரிக்கும் அந்த வழிமுறைக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பெசியே 1999இல் மறைந்தார், காஸ்தல்ஜோ 2022இல். இருவருடைய கணக்குக்கும் அடியில் இருப்பவை 1912இல் கணிதவியலாளர் செர்கேய் பெர்ன்ஸ்டீன் வேறொரு தேற்றத்தை நிறுவுவதற்காக எழுதிய பல்லுறுப்புக் கோவைகள். பிறகு 1984இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழி, 1987இல் வந்த இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைமென்பொருள் வழியாக இந்த வளைவு அச்சுத் தொழிலுக்குள் நுழைந்தது. இந்தப் பக்கத்தின் 'ழ'வும் 'ஞ'வும் இதே குடும்பத்து வளைவுகளால்தான் ஆகியிருக்கின்றன.

இந்த வளைவால் ஒரு முழு வட்டம் போட முடியாது என்பது இன்னொரு அதிசயம். நான்கு துண்டுகளை ஒட்டி, முனையிலிருந்து நீளும் கைப்பிடிக் கோடு ஒவ்வொன்றையும் ஆரத்தில் சுமார் 0.5523 பங்கு நீளத்துக்கு வைத்தால் வட்டத்துக்கு மிக நெருக்கமாக வரும். ஒரு மீட்டர் ஆரத்தில் பிழை கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். எந்தக் கண்ணும் அதைப் பிடிக்காது. என் காகத்தின் கண் அப்படிப்பட்ட வட்டம்தான்.

காகத்துக்கு வருகிறேன். புகைப்படத்தைக் கொடுத்தால் மென்பொருளே ஓரத்தைப் பின்தொடர்ந்து கோடு போட்டுத் தரும். அப்படிக் கிடைத்த காகத்தின் முதுகில் ஈ மொய்த்ததுபோலப் புள்ளிகள் கிடந்தன. ஒவ்வோர் இறகுச் சிலுப்பலும் அதில் இருந்தது, காகம்தான் இல்லை. அழித்துவிட்டு, உச்சந்தலையிலிருந்து வால்நுனிவரை ஒரே கோடாக இழுத்து, வளைவின் போக்கு எங்கே மாறுகிறதோ அங்கே மட்டும் புள்ளி வைத்தேன். எழுத்துரு வடிவமைப்பவர்கள் ஒரு வளைவின் மேல் உச்சி, கீழ் உச்சி, இடக்கோடி, வலக்கோடி ஆகிய இடங்களில் புள்ளி வைத்தால் போதும் என்பார்கள். காகத்துக்கும் அது பொருந்தியது. மேஸ்திரி பிடுங்கிப்போட்ட ஆணிகளின் அர்த்தம் அங்கே விளங்கியது.

கோடு என்றால் எதை விடுவது என்ற முடிவு. ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி வரைந்த காந்திகளைப் பாருங்கள். முகமே முடிக்கப்படாத இடத்திலும் காந்தி நடந்துகொண்டிருப்பார். 'தில்லானா மோகனாம்பாள்' தொடர்கதைக்குக் கோபுலு வரைந்த படங்களில் ஒரு தோள் சாய்வில் அந்த ஆளின் கர்வம் தெரியும். அவர்களிடம் இருந்தவை பேனாவும் மையும், பின்வாங்கும் பொத்தான் கிடையாது. கருவி மாறியிருக்கிறது. எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது, அதற்குப் பதில் சொல்வது இன்றும் ஒரு மனிதக் கண்தான்.

கோபாலன் என்ற இளைஞருக்குக் கோபுலு என்று பெயர் வைத்தவர் விகடனின் ஓவியர் மாலி. அந்தப் பெயர் படத்தின் மூலையில் கையெழுத்தாக இருந்ததால்தான் வாசகர்கள் அந்தக் கோட்டை அடையாளம் கண்டு நேசித்தார்கள். கணினியில் வரைந்த படங்களை இன்று கதைகளோடு பார்க்கிறேன். சில மிக நல்ல கோடுகள். பலவற்றில் பெயர் இல்லை. ஒரு வளைவு பல ஆண்டுகள் ஆலைக்குள் பூட்டிக் கிடந்ததால் அதைக் கண்டவரின் பெயர் பின்னுக்குப் போனது. படங்களோ அச்சாகி ஊரெல்லாம் போகின்றன. பத்திரிகை நடத்துகிறவர்களே, வரைந்தவர் பெயரைப் படத்தின் அருகிலேயே போடுங்கள். வரைகிறவர்களே, அவர்கள் போடாவிட்டாலும் நீங்கள் மூலையில் உங்கள் பெயரை எழுதுங்கள்.